மஞ்சளில் நின்ற முள்

பவானி போன் செய்தபோது கறிக்கடைத் தராசு ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்தேன். கை முழுக்கக் கிரீஸ். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

"அண்ணே, நீங்க குடுத்த மீட்டரு சரியாத்தான் காட்டுதா?"

"எம்புட்டுக் காட்டுது?"

"நாப்பத்தாறு."

"ஏலக்காய்க்கு அதான ஆத்தா சூடு. அப்புறம் என்ன?"

"அதாண்ணே எனக்கும் தெரியல. மீட்டரு சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு."

உத்தமபாளையத்தில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். தராசு, எடைக்கல், கோழிப்பண்ணைக்கும் பேக்கரிக்கும் ஏலக்காய் ஸ்டோருக்கும் வேண்டிய தெர்மாமீட்டர் எல்லாம் விற்பதும் நான்தான், பழுது பார்ப்பதும் நான்தான். நத்தர்ஷா கடை என்று கேட்டால் பச்சைப்பிள்ளை கூட வழி சொல்லும். மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் பயமாக இருக்கிறது என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"என்னண்டு பையச் சொல்லு."

"செல்வி புள்ள இருக்குல்ல, அது அழுக மாட்டேங்குதுண்ணே. பொறந்த ஒரு வாரம் தெருவையே கூட்டுச்சு. இப்ப நாலு நாளாத் தூங்கிக்கிட்டே கெடக்கு. நேத்துலருந்து பாலுக்கும் முழிக்கல. உள்ளங்கால்ல சுண்டுனா லேசா முனகிட்டு மறுபடியும் தூங்குது. எல்லாரும் நல்ல புள்ள, நல்ல புள்ளண்டு மெச்சுறாக. செல்விக்கு மண்டைய இடிக்குதாம். காலைல வாந்தி எடுத்தா. பச்ச ஒடம்பு அப்பிடித்தான் இருக்கும்ங்கிறாக."

செல்வி என்கிற ஞானசெல்வி, பவானியின் புருஷன் ஈஸ்வரபாண்டிக்குத் தங்கை. மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்த பெண். தாய் இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அனுமந்தன்பட்டியில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

"ஆஸ்பத்திரியில காட்டுனியளா?"

"புதங்கெழம நர்சம்மா வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனாக. அன்னைக்கி நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கிக் கூட்டிட்டுப் போவோம்ண்டா இந்தக் காத்துல வெளிய எடுக்கக் கூடாதுங்கிறாக."

"செல்வி எங்கன படுத்திருக்கா?"



"ஸ்டோர்ச் செவுத்துக்கு அங்கிட்டு இருக்குற ரூம்புலண்ணே."

தராசை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். "இப்ப வர்றேன். நான் வர்றதுக்குள்ள அவளையும் புள்ளையையும் வெளிய கொண்டாந்துரு" என்றேன். "புள்ளையக் குளிப்பாட்டுற மாயக்கா அத்தை விடமாட்டாகண்ணே" என்றாள். அழுகிற குரல்.

ஸ்டோர் என்றால் சரக்கு அடுக்கி வைக்கும் இடம் அல்ல. மலையில் பறித்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். கம்பம்மெட்டுக்கு மேலே சொந்தமாக ஸ்டோர் இல்லாத சின்னத் தோட்டக்காரர்கள் ஈஸ்வரபாண்டியிடம்தான் காயை ஜீப்பில் இறக்கினார்கள். வெளியே ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு விறகு அடுப்பு. அடுப்புப் புகை இரும்புக் குழாய் வழியாக மூடிய அறைக்குள் போய், தரையோடு தரையாக மூன்று சுற்றுச் சுற்றும். குழாய்க்கு மேலே கம்பிவலைத் தட்டுகளில் காய். புகை காயில் படக்கூடாது, குழாயின் சூடு மட்டும்தான் பட வேண்டும். மூன்று சுற்று முடிந்ததும் குழாய் கடைசிச் சுவருக்குள் புதைந்தபடி ஓடி, பின்பக்கம் வெளியே வந்து கூரைக்கு மேலே ஏறிவிடும். ஒன்றரை நாள் நிதானமாக எரித்தால் காய் பச்சை நிறம் மாறாமல் காயும். சூடு கூடினால் நிறம் செத்துப்போகும். நிறம் செத்த காயை வியாபாரி கையால் அள்ளிக்கூடப் பார்க்க மாட்டான்.

அந்தக் கடைசிச் சுவருக்கு மறுபக்கம் இருந்தது சாக்கு போடும் அறை. ஆடிக் காற்று எங்கள் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து மலை இறங்கி வந்தால் ஓட்டையும் தகரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது, சூடு வேண்டும். அதனால் சாக்கு அறையைக் கழுவி, மெழுகி, ஜன்னலில் பழைய போர்வையை ஆணி அடித்து, சுவரோரமாகக் கட்டிலைப் போட்டுவிட்டார்கள். ராவும் பகலும் வெதுவெதுப்பான சுவர். முதுகைச் சாய்த்தால் ஒத்தடம் கொடுத்தது மாதிரி இருக்கும். யாருக்குத்தான் இது தப்பாகத் தோன்றும்?

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஈஸ்வரபாண்டி மீட்டர் வாங்க வந்தபோது நான் மூன்று வகை எடுத்து வைத்தேன். ஒன்று, மரச்சட்டத்தில் பதித்த பாதரச மீட்டர். அது பொய் சொல்லாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, நீள ஒயர் போட்ட டிஜிட்டல். ஒயர் முனையைத் தட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டால் வெளியே நின்றபடி சிவப்பு எழுத்தில் சூடு பார்க்கலாம். மூன்றாவது, பின்னால் காந்தம் வைத்த வட்ட மீட்டர். அது காய்க்கு அல்ல, குழாய்க்கு. குழாயின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். நூற்றுப் பதினைந்து டிகிரிக்குக் கீழே மஞ்சள், இருநூற்று நாற்பத்தைந்துக்கு மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை. முள் வெள்ளையில் நிற்க வேண்டும்.

"கொழாய்க்கு என்ன காய்ச்சலா பாய்?" என்று ஈஸ்வரபாண்டி சிரித்தான். "காய்க்குச் சூடு சரியா இருந்தாப் போதாதா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். மதியம் லுஹர் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. டிஜிட்டலை மட்டும் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். தொழில் தெரிந்தவன் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தால் அவன் என்ன தொழில்காரன்? அந்தச் சிரிப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வட்ட மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். மணி மூன்று. காற்று வண்டியை ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளியது. தென்னந்தோப்பு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. நாலு கிலோமீட்டர்தான், ஆனால் போய்க்கொண்டே இருந்தேன்.

ஈஸ்வரபாண்டி அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு, டிஜிட்டல் மீட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பனியன் முழுக்கக் கரி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பாய். மீட்டருண்டா இதான் மீட்டரு. பாருங்க, ஒரு டிகிரி ஏறல, எறங்கல. நாலு லோடு இறக்கியாச்சு, காயி கிளி மாதிரி இருக்கு."

"எப்பிடி எறங்காம வச்சிருக்க?"

"ஈர விறகு பாய். மேல மழைல்ல, சில்வர் ஓக்கு மரம் அம்புட்டும் தண்ணியா வருது. மொதல்ல கவலப்பட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, ஈர விறகு பதறாது. இந்தாருங்க, அடுப்பு வாயத் தகரத்த வச்சு முக்கால்வாசி மூடிட்டேன். புகைஞ்சுக்கிட்டே கெடக்கும். மீட்டரு அசையாது."

அவன் செய்த ஒவ்வொன்றும் காய்க்கு நல்லது. அந்தக் குழாய்க்கு ஒவ்வொன்றும் விஷம்.

"பாண்டி, தங்கச்சியையும் புள்ளையையும் அந்த ரூம்புலருந்து இப்பவே எடு."

"ஏன் பாய்?"

"எடுண்டு சொல்றேன்ல."

சத்தம் கேட்டு மாயக்காள் வாசலுக்கு வந்தாள். ஊரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி விடுகிறவள். அறுபது வயசு, கணீர்க் குரல். இடுப்பில் வெந்நீர்த் துண்டு.

"யாரு, நத்தரா? என்னப்பா சொல்ற?"

"ரூம்புல புகை எறங்குதுண்டு சந்தேகமா இருக்கு. வெளிய கொண்டாங்க ரெண்டு பேத்தையும்."

"புகையா? நான் காலைலருந்து அங்கனதான் இருக்கேன். எனக்குக் கண்ணு எரியல, இருமல் வரல. ஈ எறும்பு போகாத மாதிரி அடைச்சு வச்சிருக்கேன். பதிமூணு நாள் ஒடம்ப இந்தக் காத்துல கொண்டாந்து நிப்பாட்டுனா ஜன்னி கண்டுரும்ப்பா. நீயா வந்து பாப்ப?"

"பெரியம்மா, உங்களுக்குத் தலவலி இருக்கா?"

மாயக்காள் ஒரு கணம் நெற்றியைத் தொட்டாள். "வயசுக்கு வலிக்கத்தான் செய்யும்" என்றாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

நான் அப்போதே கதவை உடைத்திருக்க வேண்டும். ஆனால் அது பிள்ளை பெற்ற அறை, நான் வெளி ஆம்பளை, வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவன். காட்டுவதற்கு ஒரு எண் இருந்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். எண்ணை நம்பியே பிழைத்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்?

ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பவானியும் கூடவே வந்தாள். நைட்டிக்கு மேலே துண்டு, கண் இரண்டும் வீங்கியிருந்தது. குழாய் சுவரைத் துளைத்து வெளியே வருகிற இடத்தில் களிமண் பூச்சு வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து கருப்பாக ஒன்று வழிந்து, சுவரில் பாகு மாதிரி உறைந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் கீறினேன். பளபளவென்று தார். மூக்கில் வைத்துப் பார்த்தபோது கருகிய நெடி தலைக்கு ஏறியது.

வட்ட மீட்டரைக் குழாயில் வைத்தேன். காந்தம் டப்பென்று பிடித்துக்கொண்டது. முள் மெதுவாக நகர்ந்து மஞ்சளுக்குள் வந்து, தொண்ணூறில் நின்றது.

ஈஸ்வரபாண்டி வந்து எட்டிப் பார்த்தான். "தொண்ணூறுதான? இருநூத்தி நாப்பத்தஞ்சு வரைக்கும் வெள்ளைதான போட்ருக்கு. சூடு கம்மியாத்தான பாய் இருக்கு? இதுக்கா இம்புட்டுப் பதறுறீக?"

"கம்மியா இருக்குறதுதான்யா ஆபத்து!" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சூடு இல்லாத புகை மேல ஏறாது பாண்டி. கொழாய்லயே தங்கித் தாரா ஒட்டும். ஒட்டி ஒட்டிக் கொழாய அடைக்கும். அடைச்சா புகை எங்கன போகும்? மேல காத்து வேற அமுக்குது. சந்து கெடைச்ச பக்கம் போகும். இந்தா இந்தச் செவுரு வெடிச்சிருக்கு பாரு, இதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

"தொட்டிலு" என்றாள் பவானி.

"அப்பப் புகை தெரிய வேண்டாமா பாய்?" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது.

"எரிச்சல் உண்டாக்குறது வேற. இதுல இன்னொண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, வாசம் கெடையாது, இருமவும் வைக்காது. தூங்கத்தான் வைக்கும்."

பவானி திரும்பி அறைக் கதவைப் பார்த்து ஓடினாள். ஈஸ்வரபாண்டி என் தோளைப் பிடித்தான்.

"இப்ப என்ன பாய் செய்யணும்? எம்புட்டுல நிக்கணும் இது?"

"நூத்தம்பதுலயாவது நிக்கணும்."

இந்த வாயால்தான் சொன்னேன். குழாயைக் கழற்றித் தாரைச் சுரண்டி எடுத்த பிறகு, புது விறகு வைத்த பிறகு, நூற்றைம்பது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் கேட்டான், நான் எண்ணைச் சொன்னேன். "காயி போனாப் போகுது" என்று கத்திக்கொண்டே அவன் முன்பக்கம் ஓடினான். தகரத்தை உதைத்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஓரத்தில் கிடந்த காய்ந்த தென்னைமட்டையை வாரி வாரி உள்ளே எறிந்திருக்கிறான். அடுப்பு வாய்க்கு நேர் எதிரே ஆடிக் காற்று. அதற்கு மேல் ஊதிவிட ஆள் வேண்டுமா?

முள் அசைந்தது. நூறு. நூற்றிருபது. மஞ்சளைத் தாண்டி வெள்ளைக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. நூற்றைம்பது. அங்கே நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. நூற்றெண்பதைத் தாண்டும்போது குழாய்க்குள் படபடவென்று ஏதோ வெடித்தது. இருநூற்று நாற்பது. அப்புறம் ஒரு சத்தம் கிளம்பியது. மேட்டில் லோடு லாரி ஏறுகிற மாதிரி, அடித் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. குழாயே நடுங்கியது. முள் சிவப்புக்குள் போய், எழுத்து முடிகிற இடத்தில் முட்டி நின்றது. அண்ணாந்து பார்த்தேன். புகைபோக்கி வாயில் ஒரு ஆள் உயரத்துக்குத் தீ.

"பாண்டி! தார் பத்திக்கிருச்சு! அடுப்ப மூடு! வாய மூடு!"

அவன் வாளித் தண்ணீரோடு பின்பக்கம் வந்தான். குழாய் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. நான் குறுக்கே பாய்ந்து வாளியைத் தட்டிவிட்டேன்.

"தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும்யா! தீ பூராவும் ரூம்புக்குள்ள வரும்! போயித் தகரத்த மூடு, சாக்க நனைச்சு அடை, மண்ண வாரிப் போடு. காத்து ஒரு பொட்டு உள்ள போகக் கூடாது!"

அவன் ஓடினான். நான் கதவுப் பக்கம் ஓடினேன். பவானி இரண்டு கையாலும் கதவை அறைந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, தொறங்க! கும்புட்டுக் கேக்குறேன், தொறங்க!"

"என்னடி இடி இடிக்குது? மழையா?" உள்ளேயிருந்து மாயக்காளின் குரல் குழறலாக வந்தது. "காத்து வரும்டி. தொறக்க மாட்டேன்."

"ஸ்டோரு தீப்பிடிச்சிருச்சு அத்தை!"

உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. தாழ்ப்பாளைத் தேடுகிற கை கதவில் உரசிக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. நான் தோளால் இடித்தேன், பவானியும் இடித்தாள், மூன்றாவது இடியில் கொண்டி பெயர்ந்து கதவு திறந்தது.

வாசலில் மாயக்காள் உட்கார்ந்துகொண்டிருந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. அறைக்குள் பூண்டும் பெருங்காயமும் சேர்ந்த வாசம், அதற்கு அடியில் தார் நெடி. கட்டில் பக்கத்துச் சுவரில் தலைமாட்டிலிருந்து மேலே வரை கீறல் ஓடியிருந்தது. அந்தக் கீறலில் இப்போது நூல் மாதிரி புகை வந்தது, சுவருக்குள் குழாய் லாரி மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. சேலைத் தொட்டிலைக் கீறலிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டியிருந்தார்கள். சூடு படட்டும் என்று.

பவானி தொட்டிலுக்குள் கையை விட்டுக் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் செல்வியின் கையைப் பிடித்தேன். காதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"எந்திரி ஆத்தா."

"எந்திரிக்கிறேன் மாமா" என்றாள். எழவில்லை. எழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். எனக்கு அதைப் பார்த்ததும்தான் முழுப் பயம் வந்தது. கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து மாயக்காளையும் இழுத்தேன்.

வெளியே காற்று முகத்தில் அறைந்தது. முந்தின நாள் காய் இறக்கிய ராக்கையா, காலிச் சாக்கு எடுத்துப் போக அப்போதுதான் ஜீப்போடு வந்து நின்றவன், கூரைக்கு மேலே தீயைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்தான். செல்வியை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தினோம். மாயக்காள் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

பவானி குழந்தையைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த துணியெல்லாம் பறந்துவிட்டது. சின்ன உடம்பு. கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. நல்ல நிறம் என்று அதையும் மெச்சியிருப்பார்கள்.

"அழுகுடி" என்றாள் பவானி. "அழுகுடி என் தங்கம். ஏய், அழுகுடி!"

கை தொங்கியது. கால் தொங்கியது. மூக்கில் விரலை வைத்தேன். காற்று அடிக்கிற அடியில் மூச்சு வருகிறதா, வெளிக்காற்றா என்றே தெரியவில்லை. யா அல்லா, இது என் சிரிப்புக்கு நீ கொடுக்கிற தண்டனையா, என்னை எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு மார்பு ஒரு தடவை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"மூச்சு இருக்கு. வண்டிய எடு ராக்கையா!"

பின்பக்கம் டங்கென்று ஒரு சத்தம். குழாயின் சூட்டில் காந்தம் பிடி விட்டு, மீட்டர் கல்லில் விழுந்து கண்ணாடி சிதறிவிட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது. இனிமேல் குழாய் என்ன சூட்டில் இருக்கிறது என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஈஸ்வரபாண்டி மூடின அடுப்பின் மேல் நனைந்த சாக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். சாக்கிலிருந்து ஆவி கிளம்பி அவன் கையை வேக வைத்தது. விடவில்லை.

"போங்க பாய்!" என்று கத்தினான். "நான் பாத்துக்கிறேன். எந் தங்கச்சியக் கொண்டு போங்க!"

ஜீப்பில் மழைத் தார்ப்பாயை எல்லாப் பக்கமும் சுருட்டிவிடச் சொன்னேன். ஆடிக் காற்று முழுக்க உள்ளே வந்தது. மாயக்காள் முன்சீட்டில் தலையைத் தொங்கப் போட்டபடி, "காத்துப் படக்கூடாதுண்டுதான் தம்பி நெனச்சேன், காத்துப் படக்கூடாதுண்டுதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. செல்வி பவானியின் மடியில் கிடந்தபடி, "மதினி, புள்ள பால் குடிச்சிருச்சா?" என்று கேட்டாள். இரண்டு நிமிஷம் கழித்து அதையே கேட்டாள். பவானி ஒவ்வொரு தடவையும் "குடிச்சிருச்சுடா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மூடின கதவுக்கு வெளியே நின்றோம். சுவரில் இருந்த கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பவானி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நைட்டியில் தார்க் கறை.

"நான் முந்தாநாளே போன் பண்ணிருக்கணும்ண்ணே. கை போனுக்குப் போச்சு. எல்லாரும் சிரிப்பாகளேண்டு விட்டுட்டேன்."

"நானும் சிரிச்சவந்தான் ஆத்தா" என்றேன்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. முதலில் பூனை என்று நினைத்தேன். பிறகு அது பெரிதானது. இன்னும் பெரிதானது. கோபத்தோடு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுகை. பவானி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு குலுங்கினாள். ராக்கையா வேகமாக வெளியே போய்விட்டான்.

டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "ஆக்சிஜன் வச்சிருக்கோம். அம்மாவுக்கும் வைக்கிறோம். ரெண்டு பேரையும் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், ஆனா பயப்படாதீங்க. இன்னும் ஒரு ராத்திரி அங்கேயே படுத்திருந்தாங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஈஸ்வரபாண்டி வந்து சேர்ந்தபோது இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். தீ அடங்கிவிட்டது என்றான். குழாய் இரண்டு இடத்தில் வளைந்துபோச்சு என்றான். காயைப் பற்றி அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நர்ஸ் மருந்து போடக் கூப்பிட்டும் போகவில்லை.

"எல்லாரும் செய்றதத்தான பாய் செஞ்சோம்" என்றான். "மேல ஸ்டோரு வச்சிருக்கிற அம்புட்டுப் பேரும் மழைக்கு அந்தச் செவுத்தோரந்தான் படுப்பாக. குளிரு தாங்காதுல்ல."

"ஈர விறகு?"

"மேல எங்கன பாய் காஞ்ச விறகு? அங்கனயும் அதே விறகுதான். அதே மீட்டருதான். எங்கிட்டப் பாத்துட்டுத்தான நிறையப் பேரு உங்க கடைக்கு வந்தாக."

வந்தார்கள். இந்த வருஷம் மட்டும் பதினாலு பேர் வந்து டிஜிட்டல் வாங்கிப் போனார்கள். குழாய்க்கு வைக்கிறதை ஒருத்தர்கூட வாங்கவில்லை, நான் ஒருத்தரிடமும் வற்புறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து போனை எடுத்தேன். கிரீஸும் தாரும் ஒட்டின விரல் திரையில் வழுக்கியது. முதலில் கிடைத்தது விஜய்ராஜ் நம்பர். கம்பம்மெட்டுக்கு மேலே ஏழு ஏக்கர், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், வயசான அப்பா. அவன் சரக்கு எடுக்கக் கம்பத்துக்கு வந்திருந்தான்.

"சொல்லுங்க பாய். மீட்டரு நல்லா வேலை செய்யுது."

"வீட்ல எல்லாரும் எப்பிடி இருக்காக?"

"நல்லாருக்காக பாய். மத்தியானம் நான் கெளம்புறப்பவே எல்லாரும் ஸ்டோர்ப் பக்கத்து ரூம்புல தூங்கிட்டாக. மழைல்ல, நல்ல தூக்கம். இப்பக்கூட ரெண்டு தடவ அடிச்சேன், போன எடுக்கல. தூங்கட்டும்ண்டு விட்டுட்டேன்."

அப்போது மணி சாயங்காலம் ஐந்தேமுக்கால்.